பாராபுல்லா கரையில் ஒரு வள்ளல்

ஜங்புராவிலிருந்து மதுரா சாலை வழியாக நிஜாமுதீனை நோக்கிச் செல்லும் பஸ், பாராபுல்லா நாலாவைத் தாண்டியதும் வலப்புறத்தில் உயர்ந்த மேடையின் மீது ஒரு பெருங்கட்டடம் தெரியும். ஹுமாயூன் கல்லறையைச் சற்றுச் சிறிதாக்கி வைத்தாற்போன்ற தோற்றம். கும்பத்தின் பளிங்கு மட்டும் உரித்தெடுக்கப்பட்டிருக்கும். டில்லித் தமிழர்களில் பலர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் இதைப் பார்த்திருப்பார்கள். உள்ளே உறங்குபவர் யார் என்று கேட்டறிந்தவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஹிந்திப் பாடப் புத்தகத்தில் குறளைப் போன்ற ஈரடிகளாக மனப்பாடம் செய்யும் தோஹாக்களின் ஆசிரியர் ரஹீம்தான் அவர். முழுப் பெயர் அப்துல் ரஹீம் கான்-இ-கானான்.

அக்பரின் படைத்தலைவர், பன்மொழிப் புலவர், கொடைவள்ளல் என்ற மூன்று வகையிலும் புகழ் பெற்ற அவருடைய கல்லறையைக் காண இன்று பல நாட்டு உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். அங்கிருந்து சிறு நடைத் தொலைவில், அதே நாலாவின் கரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்த மதராசி கேம்ப் 2025-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி இடிக்கப்பட்டது. ஒரே கரையில் ஒரு பழைய வீடு புதுப்பிக்கப்பட்டதும் பல வீடுகள் மறைந்ததும் ஒரே தலைமுறைக்குள் நடந்தவை. ரஹீமின் வரலாற்றைச் சொல்லும்போது அவர் இறந்ததோடு நிறுத்த முடியாமற் போவது இதனால்தான்.

யாத்திரையில் இழந்த தந்தை

ரஹீம் 1556-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லாகூரில் பிறந்தார். தந்தை பைரம் கான், சிறுவனாகப் பட்டத்துக்கு வந்த அக்பருக்காக ஆட்சியை நடத்தி மொகலாய அரசைக் காப்பாற்றிக் கொடுத்தவர். தாய் மேவாத் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை வழியில் துருக்கியும் பாரசீகமும், தாய் வழியில் இந்த மண்ணின் பேச்சும் குழந்தைக்குக் கிடைத்தன.

அக்பர் வளர்ந்ததும் பைரம் கானின் அதிகாரம் முடிந்தது. பதவியிழந்த அவர் மெக்கா யாத்திரைக்குப் புறப்பட்டார். கப்பலேறும் முன்பே, 1561-ல் குஜராத்தின் பாடண் நகரில் பழைய பகை கொண்ட ஆப்கானியர்களால் கொல்லப்பட்டார். நான்கு வயதுப் பாலகன் ரஹீமை விசுவாசமுள்ள பணியாட்கள் காப்பாற்றி ஆக்ராவுக்குக் கொண்டு சேர்த்தார்கள். அக்பர் அவனைத் தம் பிள்ளை போலவே வளர்த்தார். பைரம் கானின் மனைவியரில் ஒருவரான சலீமா சுல்தான் பேகத்தையும் அக்பர் மணந்துகொண்டார். ஆகவே ஒரு வகையில் ரஹீம் அரண்மனைப் பிள்ளையே ஆனார்.

பாரசீகம், துருக்கி, அரபு, சமஸ்கிருதம், ஹிந்தவி ஆகிய மொழிகளைக் கற்றார். வாட்போரும் குதிரையேற்றமும் கூடவே வந்தன. 1573-ல் அக்பர் குஜராத் கலகத்தை அடக்க மின்னல் வேகத்தில் பாய்ந்து சென்றபோது உடன் சென்றவர்களில் பதினாறு வயது ரஹீமும் ஒருவர். பின்னர் இளவரசர் சலீமுக்கு, அதாவது பிற்காலத்து ஜஹாங்கீருக்கு, ஆசானாகவும் காப்பாளராகவும் அமர்த்தப்பட்டார்.

மைக்கூடும் போயிற்று

1584 ஜனவரியில் அகமதாபாத்தை அடுத்த சர்க்கேஜில் முசாபர் ஷாவின் பெரும்படையை ரஹீம் முறியடித்தார். தந்தை வகித்த கான்-இ-கானான் என்ற பட்டம் அந்த வெற்றிக்குப் பரிசாகக் கிடைத்தது. போர் முடிந்த அன்று கையிலிருந்த பொருளையெல்லாம் வீரர்களுக்கு வாரி வழங்கினாராம். கடைசியாக வந்த ஒருவனுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. எதிரிலிருந்த மைக்கூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. கொடுக்கும்போது பெறுகிறவர் முகத்தைப் பாராமல் தலை கவிழ்ந்து கொடுப்பது அவர் வழக்கம் என்றும் ஒரு கதை உண்டு. உண்மையில் கொடுப்பவன் ஆண்டவன், பெயர் மட்டும் தமக்கு வருகிறதே என்ற கூச்சமே அதற்குக் காரணமாம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதையில் எத்தனை பங்கு வரலாறு என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. ரஹீமின் கதைகளையும் வடநாட்டு மக்கள் அப்படியே போற்றி வருகிறார்கள்.

போர்க்களத்திலிருந்தபடியே அவர் எழுத்துப் பணியும் செய்தார். பாபர் துருக்கி மொழியில் எழுதி வைத்த சுயசரிதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்து 1589-ல் அக்பரிடம் அளித்தார். தம் சொந்த நூலகத்தில் ஓவியர்களையும் எழுத்தர்களையும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். அவர்கள் அவருக்காகத் தயாரித்த பாரசீக ராமாயணச் சித்திரப் பிரதி 1605-ல் முடிந்தது. அது இன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆழ்ந்த முஸ்லிமான அவர் பிரஜ பாஷையில் கண்ணனைப் பாடினார். ராம கதைக்குப் படம் எழுதச் செய்தார். அந்நாளில் இது எவருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை.

சிந்துப் பகுதியை வென்ற பிறகு தக்காணப் போர்கள் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியை விழுங்கின. 1597-ல் கோதாவரிக் கரையில் தக்காணத்துச் சுல்தான்களின் கூட்டுப்படையை வென்றார். அகமதுநகர் 1600-ல் வீழ்ந்தது. ஆயினும் மாலிக் அம்பர் என்ற அபிசீனிய வீரரின் மறைமுகப் போர் முறைக்கு மொகலாயரிடம் விடை இல்லை. வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. லஞ்சம் வாங்கினார் என்ற அவதூறும் ரஹீமின் மேல் விழுந்தது.

அவர் முகாமாகக் கொண்டிருந்த புர்ஹான்பூர் அந்நாளில் ஒரு தனி உலகம். பாரசீகத்திலிருந்து கவிஞர்களும் கலைஞர்களும் மாதக்கணக்கில் பயணம் செய்து அங்கே வந்து குவிந்தார்கள். வந்தவர்களுக்கு உணவும் உடையும் பொன்னும் ரஹீம் கொடுத்தார். அப்படி வந்த ஒருவரான அப்துல் பாகி நஹாவந்தி அவருடைய வரலாற்றையும் அவர் ஆதரித்த புலவர்களின் வரலாற்றையும் சேர்த்து ஒரு பெருநூலாக எழுதி 1616-ல் முடித்தார். ஊர் பார்க்க வருகிறவன் பணம் கொண்டு வர வேண்டும் என்ற நியதி இல்லாத காலம் அது. விருந்தாளி ஊருக்குச் செலவு. ஆனால் ஊருக்குப் பெருமை. படைவீரரும் விருந்தினரும் பெருகிய அந்நகரின் தாகம் தீர, சாத்பூரா மலையடிவாரத்து ஊற்று நீரைப் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, வரிசையாகக் கிணறுகள் வைத்து இறக்கிக் கொண்டு வந்தார்கள். 1615-ல் ரஹீமின் காலத்தில் அமைந்த அந்த நீர்வழி இன்றும் நகருக்குப் பெயர் தேடித் தருகிறது.

மனைவிக்கு ஒரு மாளிகை

ரஹீமின் மனைவி மாஹ் பானு 1598-ல் காலமானார். அவருக்காக ரஹீம் எழுப்பியதுதான் மதுரா சாலைக் கல்லறை. சிவப்புக் கல்லும் வெண்பளிங்கும் சேர்ந்த பெரிய கட்டடம். ஒரு பெண்மணிக்காக இத்தனை பெரிய அளவில் மொகலாயர் எழுப்பிய முதல் கல்லறை இது என்பர். ஷாஜஹானின் தாஜ்மஹால் இதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. தாஜ்மஹாலின் அமைப்பை ஆராய்கிறவர்கள் ஹுமாயூன் கல்லறைக்கும் அதற்கும் இடையில் இந்தக் கட்டடத்தைத்தான் நிறுத்துகிறார்கள்.

இடத்தேர்வும் கவனித்துச் செய்யப்பட்டதே. 1325-ல் மறைந்த மகான் நிஜாமுதீன் அவுலியாவின் தர்காவுக்கு அருகில் துயில்வது புண்ணியம் என்று கருதிய பலர் அந்த வட்டாரத்தில் கல்லறை எழுப்பினார்கள். தர்காவுக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் வருகிறவர்கள் ஆக்ரா வழியாக வந்து ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. ஜஹாங்கீர் அரண்மனையின் தலைமைத் திருநங்கை அதிகாரியான மிஹர் பானு ஆகா என்பவர் அங்கே பதினோரு வளைவுகளைக் கொண்ட பாலம் ஒன்று கட்டினார். பன்னிரண்டு தூண்கள் என்ற பொருளில் பாராபுல்லா என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரே ஓடைக்கும் ஒட்டிக்கொண்டது. நாலாவாகச் சாக்கடையைச் சுமக்கும் நீரோட்டம் அந்நாளில் யமுனையில் சேரும் சிற்றாறாக இருந்தது.

கடைசி நாட்கள்

முதுமையில் ரஹீமை அடுக்கடுக்காகத் துயரம் தாக்கியது. மருமகன் இளவரசர் தானியால் குடிப் பழக்கத்தால் இளமையிலேயே மாண்டார். வீரத்தில் தந்தைக்கு நிகர் என்று பெயரெடுத்த மூத்த மகன் ஷாநவாஸ் கானும் அதே பழக்கத்தால் 1619-ல் இறந்தார். சிறிது இடைவெளியில் மற்றொரு மகனும் போனார்.

தந்தை ஜஹாங்கீருக்கு எதிராக இளவரசர் ஷாஜஹான் 1622-ல் கலகம் செய்தபோது ரஹீம் தடுமாறினார். முதலில் இளவரசரோடு சேர்ந்தார். பின் பாதுஷாவின் பக்கம் சாய முயன்றார். இரு தரப்பும் அவரை நம்பவில்லை. காவலில் வைக்கப்பட்டார். சேனாபதி மகாபத் கான் 1625-ல் ரஹீமின் மகன் தாராப் கானைக் கொன்று, தலையை ஒரு பாத்திரத்தில் மூடி, முலாம்பழம் என்று சொல்லித் தந்தைக்கு அனுப்பினான் என்று வரலாறு கூறுகிறது. எத்தனையோ புலவர்களுக்குப் பொன் அளந்த கிழவர் அந்தப் பாத்திரத்தை எப்படித் திறந்திருப்பார் என்று நினைக்கவே நெஞ்சம் நடுங்குகிறது.

பின்னர் ஜஹாங்கீர் அவரை மன்னித்து, பறித்த பட்டத்தைத் திரும்பக் கொடுத்தார். 1627-ல், எழுபதாம் வயதில் டில்லியில் ரஹீம் உயிர் நீத்தார். மனைவிக்காகத் தாம் கட்டிய மண்டபத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.

கல் போயிற்று, கல் வந்தது

அவர் செத்த பிறகும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நவாப் சப்தர்ஜங்குக்குக் கல்லறை எழுப்பியவர்கள், ரஹீம் கல்லறையின் பளிங்கையும் சிவப்புக் கல்லையும் பெயர்த்துச் சென்றார்கள். விரிசலும் இடிபாடுமாகக் கட்டடம் கிடந்தது. 1947-ல் பாகிஸ்தானுக்குச் செல்லவிருந்த முஸ்லிம் அகதிகள் பக்கத்து ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அன்று சரித்திரச் சின்னம் மனிதனுக்கு நிழல் கொடுத்தது.

1960-களின் இறுதியிலும் எழுபதுகளிலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் பாராபுல்லா கரையில் குடிசை போட்டன. ஆண்களுக்குக் கட்டட வேலையும் கூலி வேலையும், பெண்களுக்கு ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலையும் கிடைத்தன. மதராசி என்று பிறர் வைத்த பெயரே குடியிருப்பின் பெயராயிற்று. பிள்ளைகள் டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போனார்கள். மேட்டில் கிடந்த ரஹீமையும் பள்ளத்தில் வந்தவர்களையும் அப்போது யாரும் தேடி வரவில்லை.

உலகம் வேறு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. 1950-ல் நாடு விட்டு நாடு சென்ற உல்லாசப் பிரயாணிகள் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி என்பது ஐ.நா. சுற்றுலா அமைப்பின் கணக்கு. ஜெட் விமானமும் மலிவுக் கட்டணமும் வந்த பின் அது 2019-ல் 146 கோடியாகப் பெருகிற்று. நோய்க் காலத்தில் படுத்த தொகை 2024-ல் மீண்டும் 140 கோடியை எட்டியது. இத்தனை பேர் பார்க்க வேண்டுமானால் பார்ப்பதற்கு ஊர்கள் துடைத்து வைக்கப்பட வேண்டும். இத்தாலியின் வெனிஸ் நகரில் 1950-களில் ஒன்றே முக்கால் லட்சமாக இருந்த பழைய நகரின் ஜனத்தொகை 2022-ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. வீடுகள் விடுதிகளாகிவிட்டன. 2024 முதல் ஒருநாள் விருந்தாளிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கருநாடகத்தின் ஹம்பி 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2011 ஜூலையில் விரூபாட்சர் கோயில் முன்னிருந்த கடைவீதியில் குடியிருந்தவர்களின் வீடுகளும் கடைகளும் புல்டோசரால் தள்ளப்பட்டன. பழைய மண்டபங்களுக்குள்ளேயே குடித்தனமும் வியாபாரமும் நடப்பது சின்னத்துக்குக் கேடு என்பது காரணம். அந்தப் பிரயாணிகளை நம்பித்தான் அவர்கள் கடையே வைத்திருந்தார்கள்.

ஹுமாயூன் கல்லறை 1993-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ரஹீமுக்கும் நல்ல காலம் பிறந்தது. ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை தொல்லியல் துறையுடன் சேர்ந்து 2014-ல் அவர் கல்லறையைப் பழுது பார்க்கத் தொடங்கியது. செலவை ஏற்றது இண்டிகோ விமானக் கம்பெனியைச் சேர்ந்த இன்டர்குளோப் அறக்கட்டளை. விமானத்தில் ஆள் ஏற்றுகிறவர்கள் கல்லறையைச் செப்பனிடுவதில் தப்பொன்றுமில்லை, மெச்சத்தக்கதே. கல்தச்சர்களும் கொத்தர்களும் ஒன்றே முக்கால் லட்சம் ஆள்-நாட்கள் உழைத்தார்கள். 2020 டிசம்பரில் வேலை முடிந்தது. கும்பத்துக்குப் பளிங்கை முழுவதும் போர்த்தாமல், பறிபோனதன் அடையாளம் தெரியும்படி விட்டுவைத்தார்கள். அருகில் சுந்தர் நர்சரி பூங்கா 2018-லும் ஹுமாயூன் கல்லறை அருங்காட்சியகம் 2024-லும் திறக்கப்பட்டன.

இந்தத் திருப்பணியில் வேறொன்றும் நடந்தது. நிஜாமுதீன் பஸ்தியில் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழும் ஏழைகளை அப்புறப்படுத்தாமல், பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் சீர்செய்து, இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் பெண்களுக்குத் தையல் வேலையும் கொடுத்தார்கள். வெளிநாட்டார் வந்தால் பஸ்திப் பையன்களே அழைத்துச் சென்று கதை சொல்கிறார்கள். 2021-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் உயர் விருது இதற்குக் கிடைத்தது. சின்னமும் சேரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு இவ்வளவு அருகில் சாட்சி இருக்கிறது.

நாலாவின் மறுபக்கக் கதை வேறு. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு வரும் வீரர்கள் மைதானத்துக்கு விரைந்து செல்வதற்காக நாலாவின் மேலேயே பாராபுல்லா மேம்பாலச் சாலை போடப்பட்டது. 2024-ல் மிஹர் பானு ஆகாவின் பழைய பாலத்தைச் சுற்றிய ஆக்கிரமிப்புகளை அகற்றிப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதற்குச் சுற்றுலா காரணமென்று எந்த உத்தரவும் கூறவில்லை. நாலா குறுகி மழைக்காலத்தில் தெருக்களில் வெள்ளம் ஏறுகிறது, அதைத் தூர் வார வழி வேண்டும் என்பதே 2025 மே மாதத்து டில்லி உயர்நீதிமன்ற உத்தரவின் காரணம். வெள்ளம் பொய்யல்ல. ஆனால் தூர் வாருகிறவர்களும் பாலம் புதுப்பிக்கிறவர்களும் விளையாட்டுக்குச் சாலை போடுகிறவர்களும் வரைந்த படங்களில் எதிலுமே அந்தக் குடிசைகளுக்கு இடமிருக்கவில்லை.

இடிக்கப்பட்டவை சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி உள்ளவை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். பிறகு இன்னும் சிலரைச் சேர்த்தார்கள். தகுதி என்பது பழைய ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் சேர்ந்து சொல்லும் சொல். அந்த நாளில் காகிதத்தைப் பத்திரப்படுத்தத் தெரியாதவர்கள் வெளியே நின்றார்கள். கிடைத்த வீடுகளும் நகரின் வடகோடியில், சுமார் 40 கி.மீ. தள்ளி நரேலாவில் உள்ளன. அங்கே தமிழ்ப் பள்ளி இல்லை; விட்டு வந்த வீட்டு வேலைகளும் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் இவர்களில் பலர் பிறந்ததே இந்த நாலாக் கரையில்தான்.

நரேலாவுக்குப் போகாமல், காலை வேலையைக் கைவிட மனமில்லாமல், ஜங்புராவையும் ஆசிரமத்தையும் சுற்றி இருமடங்கு வாடகைக்கு ஓர் அறை பிடித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அப்படித் தங்கியவர்களில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் நிஜாமுதீன் கிழக்குக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பஸ்கள் வருவதற்கு முன்பே அவர்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.